‘டவுட்’ கேட்பது தவறா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஆங்கிலம் பேசும்போது உங்களைத் தடுமாற வைத்த சொல் எது என்று இந்தப் பகுதியில் கேட்டிருந்தேன். பெரிய, கடினமான சொற்கள் வரும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே ஒரு சிறிய சொல்லைச் சுற்றியே நின்றது வியப்பாக இருந்தது. நாம் நாள்தோறும் வாயில் வைத்துப் புழங்குகிற ‘டவுட்’ என்னும் சொல்தான் அது. ஆகவே இந்த மாதம் வேறு எந்தச் சொல்லையும் தொடாமல் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையவழியில் நடத்திய நேர்காணலில், வேலை நேரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்று தொடங்கியிருக்கிறாள். எதிரில் இருந்தவர் திகைத்து, ‘நான் சொன்னதில் எது உங்களுக்கு நம்பும்படியாக இல்லை?’ என்று கேட்டாராம். இவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். அவள் பேசியது தவறா? – திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்

பதில்: மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே இல்லை, அம்மா. உங்கள் மகள் பேசியது நம் நாட்டு ஆங்கிலத்தில் இயல்பாக வழங்குகிற வாக்கியம். கேட்டவருக்கு நம் நாட்டு வழக்கு பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அவர் ஏன் திகைத்தார் என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொண்டுவிட்டால் அடுத்த நேர்காணலில் அந்த நொடிநேரப் பதற்றம் இருக்காது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘டவுட்’ என்பது நம்பிக்கைக் குறைவைக் காட்டும் சொல். ஒருவர் சொல்வது உண்மைதானா, ஒரு காரியம் நடக்கத்தான் செய்யுமா என்று மனம் ஒரு அடி பின்வாங்கும்போது அவர்கள் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள். ஆகவே ‘எனக்கு ஒரு டவுட்’ என்று கேட்டதும், ‘நீங்கள் சொன்னதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை’ என்றுதான் அவர்கள் காதில் விழும். நாமோ அந்தச் சொல்லை, ‘எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது’ என்ற பொருளில் கையாள்கிறோம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை விளக்க ஆங்கில அகராதியைத் தேடிப் போக வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் விடியற்காலையில் ஒரு நடை போய்வந்தால் போதும்.

அங்கே மல்லிகை மொட்டைக் குவித்து வைத்திருக்கும் கடையின் முன் ஒருவர் வந்து நிற்கிறார். ‘அண்ணே, கிலோ என்ன விலை?’ என்று கேட்கிறார். விலை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்கிறார். பிறகு குனிந்து, ஒரு கைப்பிடி மொட்டை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, காம்பின் பச்சையையும் மொட்டின் நுனியையும் கூர்ந்து பார்க்கிறார். ஒன்றிரண்டு மொட்டுகளின் நுனி லேசாகப் பழுத்திருப்பது போல் தெரிகிறது. ‘இது இன்னைக்குப் பறிச்சதா, நேத்து மொட்டா?’ என்று கேட்கிறார். இப்போது அவர் மனத்தில் இரண்டு விடைகள் இருக்கின்றன. எது சரி என்றுதான் தெரியவில்லை. கடைக்காரர் முதல் கேள்விக்குச் சாதாரணமாகப் பதில் சொல்வார்; இரண்டாவது கேள்விக்கோ ‘வெடிய ரெண்டு மணிக்கு வந்த பூவுண்ணே, கைய வச்சுப் பாருங்க’ என்று சற்றுக் குரலை உயர்த்தித்தான் சொல்வார். ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் ‘உன் சரக்கை நான் முழுதாக நம்பவில்லை’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியதன் பயன்களில் ஒன்றுகூட, ‘இது மதுரை மல்லியா, வேறு ஊர் மல்லியா’ என்ற இதே வகைக் கேள்விக்கு விடையாக அது நிற்பதுதான்.

இவ்விரண்டு கேள்விகளையும் நம் இலக்கணக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே பிரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். ‘அறிவறி யாமை ஐயுறல் கொளல்கொடை ஏவல்’ என்று நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பகுதி இது. இதில் ‘விலை என்ன’ என்பது அறியாவினா. ‘இன்றைய பூவா, நேற்றையதா’ என்பது ஐயவினா. ஆங்கிலேயரின் ‘டவுட்’ ஐயவினாவோடு நின்றுவிடுகிறது. அறியாவினாவுக்கு அவர்கள் ‘கொஸ்சின்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். நாம் பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ‘ஐயா, ஒரு சந்தேகம், ரயில் எத்தனை மணிக்கு?’ என்று கேட்பதில் எந்த நம்பிக்கையின்மையும் இல்லை. அது பணிவாகப் பேச்சைத் தொடங்கும் முறை. அந்தச் சந்தேகத்தை அப்படியே பெயர்த்து ‘டவுட்’ ஆக்கிக்கொண்டோம். சொல் ஆங்கிலமாக இருந்தாலும் அதற்குள் குடியிருக்கும் பொருள் நம்முடையது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஸ்பானிய மொழியில் ‘துதா’ என்றும் போர்ச்சுக்கீசிய மொழியில் ‘துவிதா’ என்றும் இதே இலத்தீன் வேரிலிருந்து வந்த சொற்கள் இருக்கின்றன. அந்த நாட்டு மாணவர்களும் வகுப்பில் பாடம் புரியாதபோது அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கை தூக்குகிறார்கள். அவர்களும் ஆங்கிலம் பேசும்போது உங்கள் மகளைப் போலவே ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொல்லி, எதிரில் இருப்பவரைத் திகைக்க வைக்கிறார்கள். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். தான் மட்டும் தவறிவிட்டதாக நினைத்து வருந்த மாட்டார்.

அயல்நாட்டவரோடு பேசும்போது ‘ஐ ஹேவ் எ கொஸ்சின்’ என்று தொடங்கினால் போதும். சொன்னது புரியவில்லை என்றால் ‘ஐ டிடின்ட் குவைட் ஃபாலோ தட்’ என்று சொல்லலாம். ‘குட் யூ எக்ஸ்பிளெய்ன் தட் அகெய்ன்?’ என்று கேட்கலாம். இன்னும் ஒரு எச்சரிக்கை. இதே சொல்லைப் பன்மையாக்கி ‘ஐ ஹேவ் மை டவுட்ஸ்’ என்று சொன்னால், ‘இது சரிப்பட்டு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்ற அழுத்தமான பொருள் வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள் இருக்கின்றன என்று சொல்ல நினைத்து, நேர்காணலில் தவறியும் அதைச் சொல்லிவிடக் கூடாது.

கேள்வி: என் தங்கை மகன் வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறான். குழாய் வால்வு ஒன்றில் கசிவு இருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மேலதிகாரிக்கு ‘ஐ டவுட் தட் தி வால்வ் இஸ் லீக்கிங்’ என்று எழுதி அனுப்பினான். அவர் ‘நல்லது’ என்று பதில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். மறுநாள் காலை அந்த அறை முழுவதும் தண்ணீர். ‘நான்தான் முன்கூட்டியே எழுதினேனே மாமா’ என்று மருமகன் என்னிடம் புலம்புகிறான். ‘நீதானே கசிவு இல்லை என்று எழுதினாய்’ என்று அதிகாரி அவனைக் கடிந்துகொள்கிறார். யார் பக்கம் நியாயம்? – மேலூர் வாசகர்

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றி வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். முந்தைய கடிதத்தில் இருந்தது ஒரு சிறு மனத்தாங்கல். அது ஒரு புன்னகையோடு தீர்ந்துவிடும். இங்கே வாக்கியத்தின் பொருளே தலைகீழாகப் புரண்டிருக்கிறது.

தமிழில் ‘வால்வில் கசிவு இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்’ என்று சொன்னால், கசிவு இருக்கிறது என்ற பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ‘அவன்தான் எடுத்திருப்பான்டு சந்தேகமா இருக்கு’ என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், அவன் எடுத்திருப்பான் என்றே அவர் கருதுகிறார். காவல் துறையினர் சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்தார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போதும், அவர் செய்திருக்கக்கூடும் என்ற கருத்தில் பிடித்தார்கள் என்றுதான் புரிந்துகொள்கிறோம். தமிழ்ச் சந்தேகம் ‘ஆம்’ என்ற பக்கம் சாய்கிறது. ஆங்கில ‘டவுட்’ இதற்கு நேர் எதிராக ‘இல்லை’ என்ற பக்கம் சாய்கிறது. ‘ஐ டவுட் தட் தி வால்வ் இஸ் லீக்கிங்’ என்றால், ‘வால்வில் கசிவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்று பொருள். அதிகாரி அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனதில் அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. உங்கள் மருமகனையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வேறுபாட்டை அவருக்கு எந்த வகுப்பிலும் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். மொழி ஆசிரியர்களாகிய எங்களுக்குத்தான் அதில் பங்கு இருக்கிறது.

அவர் எழுதியிருக்க வேண்டிய சொல் ‘சஸ்பெக்ட்’. ‘ஐ சஸ்பெக்ட் தட் தி வால்வ் இஸ் லீக்கிங்’ என்று எழுதியிருந்தால், ‘கசிகிறது என்று நினைக்கிறேன், வந்து பாருங்கள்’ என்று பொருள் போயிருக்கும். தமிழில் ‘என்று சந்தேகப்படுகிறேன்’ என்று மனத்தில் ஓடினால் ‘சஸ்பெக்ட்’ என்று எழுத வேண்டும். ‘நடக்குமா என்பது சந்தேகம்தான்’ என்று ஓடினால் ‘டவுட்’ என்று எழுத வேண்டும். ‘மழை வருமா என்பது சந்தேகம்தான்’ என்னும்போது நாமும் மழை வராது என்ற பக்கமே சாய்கிறோம் அல்லவா? ‘என்று’ வந்தால் ஒரு பக்கம், ‘என்பது சந்தேகம்தான்’ என்று வந்தால் மறுபக்கம். இவ்வளவு நுட்பமாக இரண்டு திசையையும் காட்டக்கூடிய சொல் தமிழில் இருப்பதனால்தான், ஒரு திசையை மட்டுமே காட்டுகிற ஆங்கிலச் சொல்லிடம் போகும்போது நாம் வழுக்கி விழுகிறோம்.

உங்கள் மருமகனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் இன்றும் பேச்சு வழக்கில் ‘ஐ டவுட் இட்’ல் ரெயின்’ என்று சொன்னால், மழை வந்துவிடும் போலிருக்கிறது என்றுதான் பொருள். பழைய ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்தச் சொல்லுக்கு அஞ்சுதல் என்ற பொருள் இருந்தது. ‘மழை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்’ என்ற அந்தப் பழைய வாசனை ஸ்காட்லாந்தில் தங்கிவிட்டது. அவருடைய மேலதிகாரி அந்த ஊர்க்காரராக இருந்திருந்தால், அன்று இரவே வால்வைப் பார்க்க ஆள் அனுப்பியிருப்பார்.

கேள்வி: ‘டவுட்’ என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ‘பி’ என்ற எழுத்து வருகிறது. சொல்லும்போது அது வருவதில்லை. பிறகு ஏன் எழுத வேண்டும்? – உசிலம்பட்டி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்

பதில்: தம்பி, அந்த எழுத்து அங்கே இயல்பாகப் பிறந்ததல்ல, பின்னால் கொண்டுவந்து செருகியது. ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைப் பிரெஞ்சு மொழியிலிருந்து வாங்கியபோது அதில் ‘பி’ இல்லை. அவர்களும் இல்லாமலேயே எழுதினார்கள், இல்லாமலேயே உச்சரித்தார்கள். பிறகு இலத்தீன் கற்ற பண்டிதர்கள், இதன் மூலம் ‘துபிதாரே’ என்னும் இலத்தீன் சொல்லாயிற்றே, அதில் ‘பி’ இருக்கிறதே என்று எண்ணி, எழுத்தில் மட்டும் அதைச் சேர்த்துவிட்டார்கள். மக்களின் நாக்கு அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லிலும் இதே கதைதான். அதிலும் ஒலிக்காத ஒரு ‘பி’ உட்கார்ந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் ஒரு பள்ளி ஆசிரியர், இந்த இரண்டு சொற்களையும் ‘பி’ இல்லாமல் உச்சரிக்கிறவர்களை நினைத்து மனம் நொந்து பேசுவார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இது வழக்காடப்பட்ட விஷயம் என்பது அதிலிருந்து தெரிகிறது. சொல்லைத் தந்த பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை ‘பி’ இல்லாமல்தான் எழுதுகிறார்கள். நீங்கள் தேர்வில் ‘பி’ சேர்த்து எழுதுங்கள், சொல்லும்போது விட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘டவுட்’ என்ற சொல்லின் வேரில் இரண்டு என்னும் எண் இருப்பதாகப் படித்தேன். நம் ‘ஐயம்’, ‘சந்தேகம்’ ஆகியவற்றிலும் அப்படி ஏதேனும் உண்டா? – செல்லூரிலிருந்து ஒரு தமிழாசிரியை

பதில்: நீங்கள் படித்தது சரி. இலத்தீனில் இரண்டைக் குறிக்கும் ‘துவோ’ என்ற சொல்லோடு உறவுடையது அது. ஜெர்மன் மொழியிலும் இதே பொருளுடைய ‘ஸ்வைஃபெல்’ என்ற சொல்லுக்குள் இரண்டைக் குறிக்கும் ‘ஸ்வை’ இருக்கிறது. இரண்டு வழிகள் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் மனத்தை அந்த மொழிகள் எண்ணைக் கொண்டு குறித்தன. வடமொழிச் சந்தேகத்தின் வேர் வேறு வகையானது. ஒன்றோடொன்று குழைத்துப் பூசுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இரண்டு சந்தனங்களை ஒன்றாகக் குழைத்துவிட்டால் எது எது என்று பிரித்தறிய முடியாது அல்லவா, அந்த நிலை. தமிழ் ஐயத்தில் எண் இல்லை. அதற்குப் பிச்சை என்ற பொருளும் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள். ‘ஐயமிட்டு உண்’ என்பதைச் சந்தேகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லில் எண் இல்லாவிட்டாலும், தமிழ் இலக்கணம் ஐயத்தை எப்போதும் ‘இதுவோ அதுவோ’ என்றுதான் காட்டுகிறது. தொலைவில் மங்கலாக ஓர் உருவம் தெரிந்தால் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’ என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. நிற்பது மரக்கட்டையா, மனிதனா என்று பொருள். அகப்பொருளில் தலைவியைக் கண்ட தலைவனின் மனநிலைக்கே ஐயம் என்று ஒரு துறை வைத்திருக்கிறார்கள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு’ என்று வள்ளுவர் இன்பத்துப்பாலைத் தொடங்கும்போது அங்கே இரண்டல்ல, மூன்று கொல்கள் வரிசையாக நிற்கின்றன. தெய்வப் பெண்ணோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று அந்த நெஞ்சு மயங்குகிறது. இதில் நம்பிக்கையின்மை துளியும் இல்லை; வியப்பு மட்டுமே இருக்கிறது. இந்த ஐயத்தை ‘டவுட்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் குறளே கெட்டுப்போகும். ‘ஒண்டர்’ என்ற சொல்தான் அதற்குப் பொருந்தும்.

மதுரைக்காரர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று கையருகிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலையைப் பார்க்கிறோம். அந்தக் கதை முழுவதுமே ஐயத்தின் கதை. இளவேனிற் காலத்தில் தேவியோடு இருந்த செண்பக பாண்டியனுக்கு ஒரு நறுமணம் வருகிறது. தேவியின் கூந்தலுக்கு இந்த மணம் இயற்கையாகவே உள்ளதா, சூடிய பூவால் வந்ததா என்று ஐயம் பிறக்கிறது. அவன் எந்தப் பக்கமும் சாயவில்லை. தேவியின் மீது அவனுக்கு நம்பிக்கைக் குறைவும் இல்லை. அவன் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ‘ஐ ஒண்டர் வெதர்’ என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். தருமி கொண்டுவந்த பாட்டைச் சங்கத்தில் கேட்ட நக்கீரரின் நிலை வேறு. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டு என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. மறுக்கும் பக்கம் உறுதியாகச் சாய்ந்துவிட்டார். ‘ஐ டவுட் இட்’ என்ற வாக்கியம் அவர் வாயில்தான் பொருந்தும். அவருடைய உறுதியைப் பார்த்தால் அதுகூடக் குறைவுதான். தருமி போய் முறையிட்ட பிறகு, புலவராக உருக்கொண்டு சங்கத்துக்கு வந்த இறைவன், பாட்டில் கண்ட குற்றம் என்ன என்று வினவுகிறார். அவர் நின்ற கோலத்தில் அது ‘கொஸ்சின்’. எல்லாம் அறிந்தவரின் கேள்வி என்பதால் நன்னூல் கணக்கில் அதை அறிவினாவில்தான் சேர்க்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஆசிரியர்களாகிய நாம் மாணவர்களிடம் கேட்பதும் அந்த வகைதான்.

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலச் சொல்லின் பொருளை நடத்த வேண்டியிருந்தால் இந்தக் கதையையே நடத்துங்கள். மூன்று பேர், மூன்று மனநிலை, மூன்று ஆங்கிலச் சொற்கள். பொற்றாமரைக் குளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒரு முறை சொன்னால் மறக்காது.

கேள்வி: ‘நோ டவுட்’ என்றால் ‘சந்தேகமே இல்லை’ என்பதுதானே பொருள்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்புச் செய்திகளில் ‘சந்தேகத்தின் பலன்’ என்று வருகிறதே, அதுவும் இந்த ‘டவுட்’ தானா? – வாடிப்பட்டி வாசகர்

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அப்படித்தான். வழக்கில் அப்படி இல்லை. ‘நோ டவுட் ஹீ வில் கம்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், ‘அநேகமாக வந்துவிடுவார்’ என்ற அளவுக்குத்தான் உறுதி இருக்கும். முழு உறுதியைச் சொல்ல அவர்கள் ‘வித்தவுட் டவுட்’ என்றோ ‘அன்டவுட்டட்லி’ என்றோ சொல்வார்கள். நாம் ‘சந்தேகமே இல்ல, அவன் வருவான்’ என்று மேசையைத் தட்டிச் சொல்வதற்கு ‘நோ டவுட்’ ஈடாகாது.

இரண்டாவது கேள்வி சற்று ஆழமானது. ஆம், அது இதே சொல்தான். குற்ற வழக்கில் அரசுத் தரப்பு, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. சாட்சியங்களை எல்லாம் கேட்ட பிறகும் நீதிபதியின் மனத்தில் ‘செய்தாரா, செய்யவில்லையா’ என்று காரணத்தோடு கூடிய ஐயம் எஞ்சி நின்றால், அந்த ஐயத்தின் நன்மை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போய்ச் சேர வேண்டும்; அதைத்தான் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்தார்’ என்று செய்தியில் எழுதுகிறார்கள். கிரிக்கெட்டில் நடுவருக்கு உறுதி இல்லாதபோது மட்டையாளருக்குச் சாதகமாகச் சொல்வதும் இதே தொடரால்தான் குறிக்கப்படுகிறது. கவனியுங்கள்: காவல் நிலையத்தில் ஒருவரைப் பிடிக்க வைத்ததும் சந்தேகம், நீதிமன்றத்தில் அவரை விடுவித்ததும் சந்தேகம். மேலூர் வாசகருக்கு நான் எழுதியதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். முதலாவது ‘சஸ்பிஷன்’, இரண்டாவது ‘டவுட்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பதால், தீர்ப்புச் செய்தியைப் படிக்கிற பலர் ‘சந்தேகம் இருக்கும்போது எப்படி விடலாம்’ என்று கோபப்படுகிறார்கள். நிருபர்கள் முதலாவதைச் சந்தேகம் என்றும் இரண்டாவதை ஐயம் என்றும் எழுதப் பழகினால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் விருப்பம். நல்ல தமிழில் ‘ஐயந்திரிபற’ என்ற தொடர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தி மங்கலில் வழியில் கிடப்பதைப் பார்த்து ‘பாம்போ கயிறோ’ என்று நிற்பது ஐயம்; கயிற்றையே பாம்பு என்று முடிவு செய்துகொண்டு அலறுவது திரிபு; அப்படி ஒன்று கிடப்பதே தெரியாமல் மிதித்துக்கொண்டு போவது அறியாமை. நிரபராதியைக் குற்றவாளி என்று தண்டித்துவிடுவது திரிபு. அந்தத் திரிபு நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் ஐயத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிள்ளைகள் ‘டவுட்’ என்று சொல்லக் கூடாது, ‘கொஸ்சின்’ என்றுதான் சொல்ல வேண்டும், மீறினால் அபராதம் என்று விதி போட்டிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்வது? – சோழவந்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: எனக்கும் ஒப்பவில்லை, அம்மா. நான் பணியில் இருந்த காலத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கடைசி பெஞ்ச், ஆண்டின் பாதி முடிந்தும் அவள் குரலை நான் கேட்டதில்லை. ஒரு நாள் பாடம் முடிகிற நேரத்தில், பாதி தூக்கிய கையோடு எழுந்து, ‘சார், ஒரு டவுட்டு’ என்றாள். ‘பால்’ என்னும் சொல்லுக்கு முன்னால் ‘த’ என்று வாசிக்கிறோம், ‘ஆப்பிள்’ என்னும் சொல்லுக்கு முன்னால் ‘தி’ என்று வாசிக்கிறோம், எழுதும்போது இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்டாள். உயிரொலிக்கு முன்னால் ‘தி’ என்று மாறும் என்பதை அதுவரை நான் அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளாகவே காதால் கேட்டுப் பிடித்திருந்தாள். அவள் வாயைத் திறந்த அந்த நொடியில் ‘டவுட் என்று சொல்லாதே’ என்று நான் திருத்தியிருந்தால், அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுபோயிருக்கும். அதற்குப் பிறகு அவள் கை தூக்கியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

‘டவுட்’ என்று சொல்லிக் கேள்வி கேட்பது இந்தியா முழுவதும் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்ட வழக்கு. நம் பிள்ளைகளுக்கு அது ‘கொஸ்சின்’ என்பதைவிடப் பணிவான சொல்லாகவும் படுகிறது. ஆசிரியரைக் கேள்வி கேட்பது என்பது அவர்கள் காதில் எதிர்த்துப் பேசுவதைப் போல ஒலிக்கிறது. அதை அபராதம் போட்டுப் பிடுங்க வேண்டியதில்லை. விதி போட்டவர்களிடம் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் மட்டும் ஒன்று செய்யலாம். பிள்ளை ‘டவுட்’ என்று கை தூக்கினால் முதலில் பதிலைச் சொல்லிவிடுங்கள். பாட வேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில், அன்று வந்த கேள்விகளை எல்லாம் கரும்பலகையில் எழுதி, எது ‘தெரியவில்லை’ என்ற கேள்வி, எது ‘இதுவா அதுவா’ என்ற கேள்வி என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். முதல் வகைக்கு மேலே ‘கொஸ்சின்’ என்றும் இரண்டாவதற்கு மேலே ‘டவுட்’ என்றும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். நான் இதைச் செய்துபார்த்த வகுப்பில், சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பையன் எழுந்து, ‘சார், இது கொஸ்சினா டவுட்டான்னு எனக்கு டவுட்டா இருக்கு’ என்றான். அவன் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தான்.